கோப்பி காசு: பாலம் தாண்டி வண்டி ஓட்டுபவர்கள் பேச ஓர் இழை

13 ஜூலை 2025, ஞாயிறு இரவு

சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி மலேசியாவின் ஜோகூருக்கு வண்டி ஓட்டிப் போகிறவர்கள் அங்கே போலீசிடம் நீட்டும் லஞ்சத்துக்குத்தான் 'கோப்பி காசு' என்று பெயர். அதைப் பற்றி ஒரு வாசகர் எழுதியதை வெட்டாமல் போடுகிறேன்:

"சிங்கப்பூர் நம்பர் என்றாலே ஜோகூரில் ஓரம் கட்டச் சொல்கிறார்கள். சம்மன் வாங்கினால் 300 ரிங்கிட். லைசென்சுக்கு அடியில் 50 வைத்து நீட்டினால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. கணக்குத் தெரிந்தவன் எதைச் செய்வான்? இதில் நியாய தர்மம் பேச என்ன இருக்கிறது?"

நியாய தர்மம் வேண்டாம். கணக்கையே பேசுவோம்.

300 என்பது சம்மனின், அதாவது அபராதச் சீட்டின், விலை இல்லை, அதன் உச்சவரம்பு. மலேசியாவின் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, நீதிமன்றம் போகாமல் கட்டி முடிக்கிற அபராதம் 300-ஐத் தாண்டாது. பல குற்றங்களுக்கு அதற்கும் கீழேதான். அவ்வப்போது அரசே தள்ளுபடி அறிவித்திருக்கிறது, பாதிக்குப் பாதி குறைந்த காலமும் உண்டு. ஆக, 50-ஐ 300-உடன் ஒப்பிடுவதே சரியில்லை.

அடுத்து மறுபக்கத்துக் கணக்கு. மலேசியாவின் 2009 ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி லஞ்சம் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஒரே தண்டனைதான்: 20 ஆண்டு வரை சிறை, அபராதம் குறைந்தது 10,000 ரிங்கிட். அதோடு முடியவில்லை. சிங்கப்பூரின் ஊழல் தடுப்புச் சட்டம், 37-ஆம் பிரிவு, குடிமக்கள் வெளிநாட்டில் கொடுக்கும் லஞ்சத்துக்கும் செல்லும். பாலத்தின் சிங்கப்பூர் முனையான உட்லண்ட்ஸ் வந்து சேர்ந்துவிட்டால் கதை முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இப்போது கணக்குத் தெரிந்தவர் போட்டுப் பார்க்கட்டும்.

14 ஜூலை

"50 ரிங்கிட்டுக்காக யாரை உள்ளே போட்டார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று காலையிலிருந்தே கேள்விகள். சரி, அதிகபட்சத் தண்டனையைக் காட்டிப் பயமுறுத்துவது எனக்கும் பிடிக்காது. 20 ஆண்டு என்பது சட்டப் புத்தகத்தில் இருக்கிற எண்.

ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. மலேசிய அரசு ஊழியர் தன்னிடம் நீட்டப்பட்ட லஞ்சத்தைப் புகார் செய்து அது நிரூபணமானால், அந்தத் தொகைக்குக் குறையாத ஊக்கத்தொகை அரசே கொடுக்கிறது. அதாவது நீங்கள் 50 நீட்டினால் அவருக்கு இரண்டு வழியிலும் 50 உண்டு. ஒரு வழியில் வேலை போகும் ஆபத்து, இன்னொரு வழியில் மேடை ஏற்றிப் பாராட்டு. எதிரே நிற்பவர் எந்த வழிக்காரர் என்று கண்ணாடியை இறக்கும் அந்தச் சில நொடிகளில் உங்களால் கண்டுபிடிக்க முடியும் என்றால் நீட்டுங்கள்.

14 ஜூலை, பின்னிரவு

ஒரு சேர்க்கை. 10,000 என்று மொட்டையாகச் சொன்னேன். விதி இது: கொடுத்த தொகையின் ஐந்து மடங்கு, அல்லது 10,000, இதில் எது அதிகமோ அது. 50-க்கு ஐந்து மடங்கு 250 என்பதால் 10,000-தான் நிற்கும். பெரிய தொகை நீட்டுகிறவர்கள் பெருக்கிக்கொள்ளலாம்.

20 ஜூலை

"நீங்கள் மாட்டியதே இல்லையா, சட்டம் மட்டும் பேசுகிறீர்களே" என்று ஒருவர். மாட்டியிருக்கிறேன். ஊர், நிலையம், நாள் எதுவும் எழுதப் போவதில்லை, கேட்கவும் வேண்டாம்.

நெடுஞ்சாலை இல்லை, உள்ளே போகிற கூட்டரசுச் சாலை. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். முன்னால் பழக்குலை ஏற்றிய லாரி நத்தையாய் ஊர்கிறது. அதை முந்திப் போனேன். வளைவு திரும்பியதும் மர நிழலில் இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு கை.

"இரட்டைக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள்" என்றார் மலாயில். தாண்டினேனா இல்லையா என்பது இன்றுவரை எனக்கும் என் மனைவிக்கும் நடக்கும் வழக்கு, அதை விடுங்கள்.

லைசென்ஸை வாங்கி பானெட்டின் மேல் வைத்தார். அதன்மேல் சம்மன் புத்தகத்தை விரித்தார். பொறுமையாகக் கார்பன் தாளைச் செருகி ஓரத்தைச் சரி பார்த்துக்கொண்டார். கையில் பேனா. பேனாவின் மூடியை மட்டும் கழற்றவில்லை. நான் முழு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தது அந்த மூடியைத்தான்.

பின் இருக்கையைக் குனிந்து பார்த்தார். பிள்ளைகள் தூங்குகிறார்கள். "இன்றைக்கே சிங்கப்பூர் போகிறீர்களா? பாலத்தில் நல்ல நெரிசல்" என்றார். ஏதோ உறவுக்காரர் விசாரிக்கிற குரல். அப்புறம், "சம்மன் என்றால் கோர்ட்டுக்கு வர வேண்டி இருக்கும். இந்த ஊர் கோர்ட்." அப்புறம் ஒரே வார்த்தை: "எப்படி?"

"எழுதுங்கள், கட்டிவிடுகிறேன்" என்றேன்.

"300."

"சரி."

"தள்ளுபடி கிடைக்காது. இது இரட்டைக் கோடு."

"சரி."

புத்தகத்தை மூடிவிட்டு, இன்னொரு வண்டியை மடக்கப் போய்விட்டார். லைசென்ஸ் புத்தகத்துக்கு அடியில். நான் வெயிலில். கால் மணி நேரம் இருக்கும். பிள்ளைகள் எழுந்து தண்ணீர் கேட்டார்கள். திரும்பி வந்தவர் லைசென்ஸைக் கையில் கொடுத்து, "பார்த்து ஓட்டுங்கள்" என்று அனுப்பிவிட்டார். சம்மன் இல்லை.

22 ஜூலை

வாழ்த்துகிறவர்கள் கொஞ்சம் நிறுத்துங்கள். எனக்கே அதில் ஏதோ நெருடுகிறது.

நான் கோட்டைத் தாண்டியிருந்தால் அந்த 300 மலேசியக் கருவூலத்துக்குப் போயிருக்க வேண்டிய காசு. தாண்டவில்லை என்றால் என்னை நிறுத்தியே இருக்கக் கூடாது. இரண்டில் எதுவானாலும் நடந்தது தப்பு. லஞ்சம் கொடுக்காமல் தப்பித்தேன் என்பது உண்மை, ஆனால் சட்டத்துக்கு அதனால் ஒரு காசு லாபமில்லை.

இன்னொன்று. அவர் காசு கேட்டார் என்று நான் எந்த நீதிமன்றத்திலும் சத்தியம் செய்ய முடியாது. நெரிசல் பற்றிச் சொன்னார், உண்மை. கோர்ட் பற்றிச் சொன்னார், கட்டாமல் விட்டால் உண்மை. "எப்படி?" என்றார், அது குற்றமா? தொகையைச் சொல்லும் வேலையை நம்மிடம் விட்டுவிடுகிறார்கள். முதலில் எண் சொல்கிறவன் எவனோ அவனே லஞ்சம் கொடுத்தவன். ஓட்டுநர் இருக்கையில் இருந்துகொண்டு "பாஸ், 50-க்கு முடித்துக்கொள்ளலாமா" என்று கேட்டவர்தான் சட்டத்தின் கண்ணில் தொடங்கிவைத்தவர்.

24 ஜூலை

கோர்ட் பயம் பற்றிக் கேட்டிருந்தார்கள், அதற்கு மட்டும்.

சாலையிலேயே எழுதிக் கொடுக்கிற அறிவிப்புக்கு 'போல் 257' (POL 257) என்று பெயர். கேமரா பிடித்துப் பிறகு வருவதற்கு 'போல் 170ஏ' (POL 170A). கையில் 257 வந்துவிட்டால் அன்றைக்கே நீங்கள் எங்கும் போக வேண்டியதில்லை. மைபாயார் இணையச் சேவையில் கட்டலாம், போலீஸ் நிலையத்தில் கட்டலாம். நாள் கணக்கில் அவகாசம் இருக்கிறது. கட்டாமல் இழுத்தடித்தால்தான் கோர்ட்.

சாலையோரத்தில் விற்கப்படுவது மன்னிப்பு இல்லை, நேரம். ஞாயிறு மாலை பாலத்தில் மாட்டிக்கொள்வோம் என்கிற பதைப்பு ஒருவனிடம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு விலை. சனிக்கிழமை காலை மலேசியாவுக்குள் போகிறவனிடம் இவ்வளவு கறாராக யாரும் "நெரிசல்" பேசுவதில்லை. சம்மன் எழுத எடுக்கிற நேரத்தை முன்கூட்டியே பயணத்தில் ஒதுக்கிவைத்தவனிடம் விற்க எதுவும் இல்லை.

விதிவிலக்கு: குடித்துவிட்டு ஓட்டுவது. அது 257 கையில் வாங்கி வீட்டுக்குப் போகிற விஷயம் இல்லை. 2020-இல் திருத்திய சட்டப்படி முதல் தடவைக்கே 10,000 முதல் 30,000 ரிங்கிட் அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. இங்கே "எப்படியாவது முடித்துக்கொள்ளலாமா" என்று கேட்கிறவர் இந்த இழைக்குத் தேவையில்லாதவர். பிடிபடட்டும்.

25 ஜூலை

வி.இ.பி., அதாவது வெளிநாட்டு வண்டி மலேசியாவுக்குள் வர வாங்க வேண்டிய அனுமதி, பற்றி ஏழெட்டுக் கேள்விகள். சுருக்கமாக: 2025 ஜூலை 1 முதல் முழு அமலாக்கம். நம் வண்டிக்கு அது இல்லையென்றால் 300 ரிங்கிட் அபராதம், அதைக் கட்டிவிட்டுத்தான் மலேசியாவை விட்டு வெளியேற முடியும். இது சாலைப் போக்குவரத்துத் துறையின் வேலை. ரசீது வரும். ரசீதில்லாமல் "வி.இ.பி. இல்லை, 100 கொடு" என்று யாராவது கேட்டால் அவர் என்ன சீருடை போட்டிருக்கிறார் என்பதை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு ஒன்று. வி.இ.பி. பதிவு செய்யாமல் ஓட்டிக்கொண்டு, நிறுத்தியதும் "போலீஸ் காசு பிடுங்குகிறான்" என்று குமுறுகிறவர்களும் இந்த இழையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்னிடம் இரக்கம் குறைவு.

27 ஜூலை

"இன்டர்நேஷனல் லைசென்ஸ் எங்கே என்று கேட்டார், இல்லை என்றேன், 200 ஆகும் என்றார்."

இது சுத்த மோசடி. ஆசியான் நாடுகள் ஒன்றுக்கொன்று உள்நாட்டு ஓட்டுநர் உரிமத்தை ஏற்பதாக 1985-இல் கோலாலம்பூரில் கையெழுத்திட்டிருக்கின்றன. சிங்கப்பூர் லைசென்ஸ் போதும். வாக்குவாதம் வேண்டாம். "அந்தக் குற்றத்தையே சம்மனில் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். இல்லாத குற்றத்தை எழுதிக் கையெழுத்துப் போட எவரும் துணிய மாட்டார்.

2 ஆகஸ்ட்

நேர்மையானவரைப் பற்றியும் எழுத வேண்டும், இல்லையென்றால் இந்தப் பக்கம் ஒரே ஒப்பாரியாகிவிடும்.

வண்டி ஓட்டியது நண்பர், நான் பக்கத்தில். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை, 110 வரம்பு. ஓரம் கட்டச் சொன்ன காவலர் தமிழர். குனிந்து பார்த்ததும் தமிழிலேயே பேசினார்.

"எங்கண்ணே இவ்வளவு அவசரம்? 138 காட்டுது."

கையில் வைத்திருந்த கருவியைத் திருப்பிக் காட்டினார். எங்கள் வண்டி, எங்கள் நம்பர், 138. மறுக்க வழியில்லை.

"எப்படிண்ணே, என்ன செய்யலாம்?"

அந்த 'எப்படி' காதில் விழுந்ததும் நண்பரின் கை பின்பாக்கெட்டுக்குப் போய்விட்டது. பர்ஸ் பாதி வெளியே. காவலர் அதைப் பார்த்தார், முகம் சுருங்கியது.

"அண்ணே, அதை உள்ளே வைங்க. லைசென்ஸ் நம்பர்ல போடட்டுமா, பாஸ்போர்ட் நம்பர்ல போடட்டுமான்னு கேட்டேன். பாஸ்போர்ட்ல போட்டா உங்களுக்கு ஆன்லைன்ல தேட லேசு."

நண்பர் "சாரி தம்பி" என்றார். தம்பி பதில் சொல்லாமல் எழுதினார். கிழித்துக் கொடுக்கும்போது, "ஒரு நாளைக்கு எத்தனை பேர்ண்ணே இப்படிப் பர்ஸ எடுக்கிறாங்க" என்றார், கோபமில்லை, சலிப்பு.

அதற்கப்புறம் மலாக்கா வரை வண்டியில் யாரும் பேசவில்லை, நண்பர் 100-ஐத் தாண்டவுமில்லை.

3 ஆகஸ்ட்

"தமிழ்க் காவலர் என்பதால் நல்லவராக இருந்தார்" என்று ஒரு கருத்து. இதை இங்கேயே முடித்துவிடுவோம். அவர் நேர்மையானவர், தமிழரும்கூட. சம்மனில் ஒரு ரிங்கிட்கூடக் குறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். "நம்ம ஆளுதானே, பார்த்துச் செய்வார்" என்கிற நினைப்பும் கோப்பி காசுக்குச் சித்தப்பா பிள்ளைதான்.

9 ஆகஸ்ட்

தேசிய நாள். நாமே நம்மைப் பாராட்டிக்கொள்கிற நாள் என்பதால் கொஞ்சம் விலகிப் போகிறேன்.

"சிங்கப்பூர் போலீசுக்கு யாராவது காசு நீட்ட முடியுமா? ரத்தத்திலேயே வேறுபாடு" என்று ஒருவர் எழுதியிருந்தார். ரத்தமாவது ஒன்றாவது. 1951-இல் பொங்கோல் கடற்கரையில் சுமார் 1,800 பவுண்ட் அபினைக் கொள்ளையடித்த கும்பலில் போலீஸ் துப்பறிவாளர்களே இருந்தார்கள். அப்போது லஞ்சத்தை விசாரிக்கும் பிரிவு போலீசுக்குள்ளேயே இருந்தது. கள்ளனும் காவலும் ஒரே கூரையில். அந்த விவகாரம் நாறிய பிறகுதான் 1952-இல் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு போலீசுக்கு வெளியே தனியாக வந்தது. சட்டத்துக்குப் பல் முளைத்தது 1960-இல். என் பெரியப்பா காலத்தில் இங்கேயும் தள்ளுவண்டிக்காரர்கள் யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் வைத்திருந்ததாகச் சொல்வார். ரத்தத்தில் இருந்த கதை இல்லை இது. யார் யாரை விசாரிப்பது என்று மாற்றியமைத்த கதை.

10 ஆகஸ்ட்

அதைப் படித்துவிட்டு ஒருவர் ஜார்ஜியா நாட்டை நினைவுபடுத்தினார். நல்ல உதாரணம். 2004-இல் அங்கே போக்குவரத்துக் காவல் படையை மொத்தமாகக் கலைத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே அடியாக வேலை போனது. புதிதாக ஆளெடுத்து, சம்பளத்தைப் பல மடங்கு கூட்டி, ரோந்துப் படை என்று வேறொன்றைத் தொடங்கினார்கள். முன்பெல்லாம் சில கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்திக் காசு கேட்ட சாலைகளில் அது ஏறக்குறைய நின்றே போனது.

சம்பளத்தைக் கூட்டினால் போதும் என்பார்கள் சிலர். அங்கே சம்பளம் மட்டும் கூடவில்லை, ஆளே மாறினார்கள். பழைய ஆளுக்குப் புதுச் சம்பளம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்கு அவ்வளவு உறுதியாகத் தெரிந்த மாதிரி இருக்கிறது.

மலேசியாவும் சும்மா இருக்கவில்லை. 2004-இல் போலீஸ் சீர்திருத்தத்துக்கென்றே அரச விசாரணை ஆணையம் அமைத்தார்கள். 2005-இல் 125 பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது. வெளியாட்கள் கொண்ட புகார் ஆணையம் வேண்டும் என்பது அதில் முக்கியமானது. இழுபறியாகிக் கடைசியில் 2023 ஜூலையில்தான் போலீஸ் நடத்தை ஆணையம் என்று ஒன்று நடைமுறைக்கு வந்தது, கேட்டதைவிட அதிகாரம் குறைவாக. பதினெட்டு வருடம். குழந்தை பிறந்து வாக்களிக்கும் வயதுக்கு வந்துவிடும்.

17 ஆகஸ்ட்

இந்த இழையில் இதுவரை யாரும் தொடாத ஒன்று, நானும் தொடாதது.

வெளிநாட்டு வண்டி ஓட்டுநர் வாங்கிய சம்மனைக் கட்டுகிறாரா? சிங்கப்பூர் வண்டிகள் கட்டாமல் விட்ட சம்மன்கள் பற்றி மலேசியத் தரப்பு பல வருடமாகப் புலம்புகிறது. நமக்குள் பேசிக்கொள்ளும்போது "பாலம் தாண்டிவிட்டால் அந்தத் தாளைக் குப்பையில் போடு" என்று சொல்லாத ஆள் குறைவு. என் அலுவலகத்திலேயே ஒருவர் சம்மன்களைச் சேர்த்து வைத்திருந்தார், அஞ்சல்தலை மாதிரி. சிரித்துக்கொண்டே காட்டுவார்.

சாலையில் வெயிலில் நிற்கிற காவலரின் பக்கத்திலிருந்து பாருங்கள். இவனுக்கு எழுதும் தாள் கருவூலத்துக்குப் போகப் போவதில்லை. அரசுக்கும் வராத காசு, நமக்காவது வரட்டுமே என்று ஒருவர் நினைத்தால் அது சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நினைப்புக்கு வாசல் திறந்து வைத்தது யார்? சம்மனை மதிக்காதவர்கள் கூடக் கூட, கையோடு வாங்கும் காசுதான் ஒரே "அபராதம்" ஆகிவிடுகிறது. லஞ்சம் கொடுப்பவனைவிட, வாங்கிய சம்மனைக் கட்டாமல் விட்டுப் பெருமை பேசுகிறவன்தான் அடுத்த வண்டிக்காரனை மாட்டிவிடுகிறான் என்று இப்போது எனக்குப் படுகிறது. இதைச் சொன்னால் திட்டு வரும், வரட்டும்.

18 ஆகஸ்ட்

வந்தது.

"பாதிக்கப்பட்டவனையே குற்றம் சொல்கிறீர்கள்" என்கிறார்கள். இல்லை. காசு கேட்பவர்தான் முதல் குற்றவாளி. தவறே செய்யாதவரை மடக்கி, பிள்ளைகளைப் பார்த்து, இருட்டில் நிறுத்தி வைத்துப் பிடுங்கினால் அது லஞ்சம் இல்லை, வழிப்பறி. பயந்து கொடுத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். தனியாக ஓட்டி வந்த பெண் ஒருவர் இரவில் இப்படி நின்றதை எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். அவரிடம் போய் "ஏன் சம்மன் கேட்கவில்லை" என்று நான் கேட்பேனா? பாதுகாப்பாக அங்கிருந்து கிளம்புவதுதான் முதல் வேலை. வெளிச்சம் உள்ள டோல் சாவடியிலோ எண்ணெய் நிலையத்திலோ நின்றுகொண்டு அப்புறம் யோசிக்கலாம்.

நான் பேசியது நிதானமாகக் கணக்குப் போட்டு, லைசென்சுக்கு அடியில் செருகிக்கொண்டு கிளம்புகிறவரைப் பற்றி. இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

19 ஆகஸ்ட்

மேலே சொன்னதற்குச் சட்டத்தில் ஒரு கொக்கி இருக்கிறது. உங்களிடம் காசு கேட்கப்பட்டால் அதைப் புகார் செய்வது மலேசியச் சட்டப்படி உங்கள் கடமை, அதே 2009 சட்டத்தின் 25-ஆம் பிரிவு. தக்க காரணமில்லாமல் புகார் செய்யாவிட்டால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. ஆமாம், கேட்கப்பட்டவருக்கு. எல்லை தாண்டிப் போய்க்கொண்டிருக்கிற பயணி அன்றைக்கே புகார் எழுதுவார் என்று யார் எதிர்பார்த்தார்களோ. நடைமுறையில் யாரும் செய்வதில்லை. ஆனால் செய்ய நினைப்பவருக்கு வழி இருக்கிறது: ஊழல் தடுப்பு ஆணையத்தின் இலவசத் தொலைபேசி எண் 1-800-88-6000.

புகாருக்கு உயிர் கொடுப்பது விவரம்தான். நேரம், நெடுஞ்சாலை என்றால் பக்கத்துக் கிலோமீட்டர் கல், ரோந்து வண்டியின் எண், சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப்பட்டை. இதையெல்லாம் எழுதிக்கொள்ளப் பேனா வேண்டாம், கிளம்பியதும் வண்டியை ஓரம் கட்டிக் கைபேசியில் நீங்களே பேசிப் பதிந்துகொண்டால் போதும். வண்டிக் கேமரா இருந்தால் நல்லது. அவர் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டிப் படம் பிடிப்பதை நான் சொல்ல மாட்டேன். காணொளிக்கு விருப்பம் குவியும், உங்கள் ஞாயிற்றுக்கிழமை நிலையத்தில் போகும்.

31 ஆகஸ்ட்

அவர்களுக்குச் சுதந்திர நாள். வாழ்த்து.

மாமா ஒருவர் மலாக்காவுக்குச் சரக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தவர், எண்பதுகளில். இந்த இழையை வாசித்துக் காட்டினேன். "நீங்கள்லாம் ரொம்பப் பேசுறீங்கடா" என்றார். அவர் காலத்தில் சிகரெட் பெட்டி போதுமாம். பெட்டிக்குள் சிகரெட்டுக்குப் பதில் நோட்டு, சில சமயம் சிகரெட்டே. ஒரு தடவை பெட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டாராம், நோட்டு இருந்ததைத் தன் சட்டையிலும், சிகரெட் இருந்ததைக் காவலரிடமும். காவலர் திறந்து பார்த்து, ஒன்றை எடுத்துப் பற்றவைத்து, மீதியைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டார். "அந்த ஆளு காசு எதிர்பார்க்கவே இல்லடா. நானாத்தான் அத்தனை வருசமும் கொடுத்திருக்கேன் போல" என்றார். சொல்லிவிட்டு மனிதர் ரொம்ப நேரம் சிரித்தார். எவ்வளவு கொடுத்திருப்பார் என்று அத்தை கேட்டதும் சிரிப்பு நின்றது.

6 செப்டம்பர்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது, மறுபடி அதே கேள்விகள் வருகின்றன. மேலே படியுங்கள், எல்லாம் இருக்கிறது. புதிதாக வந்த ஒன்றுக்கு மட்டும் பதில்.

"சம்மன் கேட்டேன், எழுதிக் கொடுத்தார், ஒரு வாரமாக இணையத்தில் வரவில்லை. என்ன செய்வது?"

கைபேசியில் தாளைப் படம் எடுத்து வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். வெயில் பட்ட கண்ணாடிக்கு அடியில் அதை வைக்காதீர்கள், எழுத்து வெளுத்துவிடும். முதலில் பாஸ்போர்ட் எண்ணிலும் வண்டி எண்ணிலும் தனித்தனியாகத் தேடுங்கள். கையெழுத்தில் 0-வும் ஓ-வும் குழம்பியிருக்கலாம், அப்படி எழுதியும் ஒரு தடவை தேடிப் பாருங்கள். எதிலும் இல்லையென்றால் அடுத்த தடவை உள்ளே போகும்போது தாளை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு போக்குவரத்துப் போலீஸ் நிலையத்தில் கட்டி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போகாதீர்கள். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்துக்குக் கவுண்டரில் ஆள் இருக்காது.